குடும்பம் பிழைத்த கதையை எழுதுவது எப்படி: போர், இழப்பு, இடப்பெயர்வு பற்றி எழுதுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் மூன்று தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், யாரும் முழுதாகச் சொல்லாத கதை ஒன்று இருக்கும். ஒரு வீட்டில் அது சயாமுக்குப் போய்த் திரும்பாத தாத்தாவைப் பற்றியது. இன்னொரு வீட்டில் பர்மாவிலிருந்து காட்டு வழியே நடந்து வந்தவர்களைப் பற்றியது. வேறொரு வீட்டில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து கடிதம் வராமற்போன சித்தப்பாவைப் பற்றியது. கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் இவை ஒற்றை வரியாக, சொல் மாறாமல் சொல்லப்பட்டு, அங்கேயே நின்றுவிடுகின்றன. அந்த ஒற்றை வரியை உண்மைக் கதையாகவோ நாவலாகவோ விரித்து எழுத விரும்புகிறவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்திலிருந்தும், போர்க்கைதிகளையும் ஆசியத் தொழிலாளிகளையும் கொண்டு ஜப்பானியர் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் மரண ரயில்பாதையிலிருந்தும் எடுத்திருக்கிறேன். முறை மற்றக் கதைகளுக்கும் பொருந்தும்.

தொடங்குமுன் என் கருத்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வன்முறை நடந்த நாளையே நூலின் நடுவில் வைக்க எல்லாருக்கும் தோன்றும், வைக்க வேண்டாம். குண்டு விழுந்தது ஒரு காலையில், லாரியில் ஆள் ஏற்றியது ஒரு மாலையில். அதன்பின் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது, எந்தப் பிள்ளையின் படிப்பு நின்றது, யார் யாரை வளர்த்தார்கள், எந்தக் கடன் எத்தனை ஆண்டு கழித்து அடைந்தது என்பதுதான் பிழைத்த கதை. அதற்கு இருபது, முப்பது ஆண்டுகள் பிடித்திருக்கும். கீழே வரும் படிகள் அனைத்தும் அந்த ஆண்டுகளைக் கண்டெடுப்பதற்கானவை.

முதல் படி: எல்லையை வகுத்துக்கொள்ளுதல்

முழு வம்ச வரலாற்றையும் எழுதப் புறப்படுகிறவர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் ஒரே அடுப்பில் உண்டவர்களின் பெயர்களையும் அப்போதைய வயதுகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு தொடக்கமும் முடிவும் குறியுங்கள். தொடக்கம் பெரும்பாலும் எளிது. முடிவுதான் யோசிக்க வேண்டியது. போர் முடிந்த நாளோடு கதை முடிவதில்லை; மூத்த பெண்ணின் திருமணம், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுச் சாவி கைக்கு வந்த நாள், காணாமற்போனவருக்கு முதன்முதலாகத் திதி கொடுத்த ஆண்டு என்று குடும்பமே ஒரு முடிவை வைத்திருக்கும். அதையே எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: இரட்டைக் காலக்கோடு

ஒரு தாளின் இடப்பக்கம் உலக நிகழ்வுகள், வலப்பக்கம் வீட்டு நிகழ்வுகள். இடப்பக்கத்தை முதலில் நிரப்புங்கள். சிங்கப்பூரில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 8 அதிகாலையில். பிரிட்டிஷார் சரணடைந்தது 1942 பிப்ரவரி 15 அன்று. ஜப்பானியர் முறைப்படி சரணடைந்தது 1945 செப்டம்பர் 12 அன்று. ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா ரயில்பாதைக்கான வேலை 1942இன் நடுப்பகுதியில் தொடங்கியது; 1943 அக்டோபர் 17 அன்று இருபுறமிருந்தும் வந்த தண்டவாளங்கள் இணைந்தன. உங்கள் குடும்பம் பர்மாவிலிருந்து வந்ததானால் ரங்கூனில் குண்டு விழுந்த 1941 டிசம்பர் 23ஐயும், கடைகளும் நிறுவனங்களும் தேசியமயமான 1964ஐயும் குறியுங்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பமானால், வலிகாமத்து மக்கள் போருக்கு அஞ்சி ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் பெயர்ந்த 1995 அக்டோபர் 30ஐ விட்டுவிடக் கூடாது.

வலப்பக்கத்தை நிரப்பும்போது, பெரியவர்கள் தேதி சொல்வதில்லை என்பதை மறக்க வேண்டாம். பெருநாள், பிள்ளைப்பேறு, மழை, சாவு ஆகியவற்றை வைத்தே அவர்கள் காலம் கணக்கிடுகிறார்கள். ‘சீனப் பெருநாள் அன்றைக்கு வெள்ளைக்காரன் தோத்துட்டான்’ என்று ஒரு பெரியவர் சொன்னால், அது துல்லியமான தேதி. 1942இல் சீனப் புத்தாண்டின் முதல் நாள் பிப்ரவரி 15தான். ‘சப்பான்காரன் காலத்துல காலையில ஏழு மணிக்கும் இருட்டாத்தான் இருக்கும்’ என்று ஒருவர் சொன்னால், முதுமையில் நினைவு பிசகுகிறது என்று தள்ளிவிடாதீர்கள். ஆக்கிரமிப்புக் காலத்தில் சிங்கப்பூர், மலாயாக் கடிகாரங்கள் தோக்கியோ நேரத்துக்கு மாற்றப்பட்டு ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன. ஏழு மணி என்று கடிகாரம் காட்டியபோது பழைய கணக்கில் ஐந்தரைதான் ஆகியிருக்கும். பெட்டியின் அடியிலிருந்து 2603 என்று ஆண்டு போட்ட தாள் கிடைத்தால் அதுவும் அச்சுப்பிழையன்று. ஜப்பானியப் பேரரசு ஆண்டுக் கணக்கில் அது 1943.

இரண்டு பக்கமும் பொருந்தாத இடங்களைச் சிவப்பு மையால் குறித்து வையுங்கள். ‘பாதை போட 44ல கூட்டிட்டுப் போனாங்க’ என்று ஒருவர் சொல்கிறார், பாதையோ 1943இலேயே இணைந்துவிட்டது. பொய் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. இணைந்த பின்னும் பழுது பார்க்கவும், விறகு வெட்டவும், விமானத் தாக்குதலில் சிதைந்த இடங்களைச் செப்பனிடவும் தொழிலாளிகள் அங்கே வைத்திருக்கப்பட்டார்கள். சிவப்புக் குறிகள்தாம் அடுத்த படியில் நீங்கள் கேட்கப்போகும் கேள்விகள்.

மூன்றாம் படி: பெரியவர்களோடு உட்காருதல்

வேலையின் முக்காற்பங்கு இதில் இருக்கிறது. 1942ஐ நேரில் கண்டவர்கள் இன்று தொண்ணூறை ஒட்டியவர்கள், அப்போது சிறுபிள்ளைகள். சிறுபிள்ளைக்கு அரசியல் தெரியாது. வாசலும் பசியும் பெரியவர்களின் முகமும் தெரியும். ஆகவே அரசியலைக் கேட்காதீர்கள். நேரில் கண்டவர் இல்லாத வீட்டில், கண்டவரின் வாயிலிருந்து கேட்ட மகளோ மருமகளோ இருப்பார். மருமகளை விட்டுவிடாதீர்கள். மகன்களிடம் சொல்லாததைப் பல மாமியார்கள் அடுப்படியில் மருமகளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

நேரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். காலை உணவுக்குப் பிறகு, மருந்து சாப்பிட்டு முடித்த நேரம் நல்லது. இரவில் கேட்க வேண்டாம். கிளறிவிட்டது உறங்க விடாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. கைத்தொலைபேசியிலுள்ள பதிவுச் செயலி போதும். ஆனால் மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்துங்கள், தொலைபேசியை மேசைமேல் துணி மடித்து அதன்மேல் வையுங்கள். பதிவின் தொடக்கத்தில் நாள், இடம், பேசுகிறவரின் பெயர், உறவுமுறை ஆகியவற்றை உங்கள் குரலில் சொல்லுங்கள். பதிவு செய்கிறோம் என்பதை அவரிடம் சொல்லி, அவர் சரி என்பதும் பதிவில் இருக்கட்டும்.

‘அப்போ உங்களுக்கு எப்படி இருந்தது?’ என்ற கேள்வி எதையும் தராது. ‘ரொம்பக் கஷ்டம்’ என்ற பதிலோடு அது முடிந்துவிடும். இடத்தையும் பொருளையும் கையின் வேலையையும் கேளுங்கள். தண்ணீர் எங்கிருந்து வந்தது? தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, மணி அடித்தது யார்? மண்ணெண்ணெய் இல்லாத இரவில் விளக்குக்கு எது ஊற்றினார்கள்? எடுத்துக்காட்டுக்காக நான் அமைத்த ஓர் உரையாடலைப் பாருங்கள் (லயம் என்பது தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடு):

‘பாட்டி, அந்த லயத்து வீட்டுல அடுப்பு எந்தப் பக்கம் இருந்துச்சு?’

‘பின்னாடி. மழை பெஞ்சா தண்ணி உள்ள வந்துரும். சாக்கை மடிச்சு வாசப்படியில போடுவாங்க.’

‘யாரு போடுவாங்க, பாட்டி?’

‘அப்பா இருந்த வரைக்கும் அப்பா. அப்புறம் அண்ணன் போட்டுச்சு. அதுக்கு ஒம்போது வயசு.’

தந்தை போனதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அடுப்பைக் கேட்டதில், அவர் போனதும் வந்துவிட்டது, அதன்பின் வீட்டை யார் தாங்கினார் என்பதும் வந்துவிட்டது. இந்த இடத்தில் உடனே ‘அப்பாவை எப்போ கூட்டிட்டுப் போனாங்க?’ என்று பாய வேண்டாம். ஒன்பது வயது அண்ணன் வேறு என்னென்ன செய்தார் என்று கேளுங்கள். பாட்டி தாமாகவே தந்தையிடம் திரும்புவார். திரும்பாவிட்டால் அன்றைக்கு அது போதும்.

சயாமில் காணாமற்போனவர்களின் வீடுகளில் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ‘தாத்தாவுக்கு என்றைக்குத் திதி கொடுத்தீங்க?’ இறந்த நாள் தெரியாத வீட்டில் அந்த முடிவை யாரோ ஒருவர் எடுத்திருக்க வேண்டும். ஆடி அமாவாசையா, மகாளய அமாவாசையா? எந்த ஆண்டு முதல்? அதுவரை பாட்டி தாலியோடு இருந்தாரா? அவரைச் சுமங்கலி என்று வரிசைக்கு அழைத்தார்களா, ஒதுக்கினார்களா? இந்த ஒரு கேள்வியில் சடங்கும், உறவினரின் நாவும், ஒரு பெண்ணின் பத்தாண்டுக் காத்திருப்பும் சேர்ந்து வரும். போர்க்கள வரலாறுகளில் இவை கிடைப்பதில்லை.

மறுப்பவரை வற்புறுத்தக் கூடாது. அழுதால் பதிவை நிறுத்துங்கள், தேநீர் போடுங்கள், வேறு பேச்சுப் பேசுங்கள். அடுத்த நாள் தொலைபேசியில் நலம் கேளுங்கள். உறக்கமோ உணவோ கெட்டுவிட்டதாகத் தெரிந்தால் நேர்காணலை விட்டுவிட்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்வதுதான் முதல் வேலை. நூல் காத்திருக்கும்.

பதிவைச் சொல்லுக்குச் சொல் எழுதி எடுங்கள். ‘அதுக்கு ஒம்போது வயசு’ என்பதை ‘அவருக்கு ஒன்பது வயது’ என்று திருத்திவிடாதீர்கள். திருத்தம் பிற்பாடு, தேவைப்பட்டால்.

நான்காம் படி: ஆவணங்களோடு ஒப்பிடுதல்

சிங்கப்பூரில் எழுதுகிறவருக்கு இந்த வசதி அதிகம். பலர் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு வியப்பு. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பணி 1979இல் தொடங்கியது. ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலம் பற்றிய நேர்காணல்கள் அதில் ஏராளம், தமிழில் பேசியவர்களும் உண்டு. பலவற்றைக் காப்பகத்தின் இணையத்தளத்திலேயே கேட்கலாம். உங்கள் தாத்தாவின் குரல் அங்கே இராது. ஆனால் அதே ஊரில், அதே வயதில் இருந்த ஒருவரின் குரல் இருக்கலாம். பஞ்சத்தில் உண்ட கிழங்கையும், கட்டிய சாக்குத்துணியையும், காசாக இருந்து பிறகு வெற்றுத் தாளாகிப்போன வாழைமரப் படம் போட்ட பத்து வெள்ளி நோட்டையும் அவர் சொல்லக் கேட்டபின், உங்கள் பாட்டியின் துண்டுதுண்டான சொற்கள் இடம் அறிந்து பொருந்தும்.

விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் மேல்தளங்களிலுள்ள லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்தில் மலாயா, சிங்கப்பூர் பற்றிய பழைய நூல்களைப் பார்க்கலாம். பழைய செய்தித்தாள்கள் நூலக வாரியத்தின் இணையத் தொகுப்பில் உள்ளன. 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களையும் தேடிப் பாருங்கள். ஆக்கிரமிப்புக் காலச் செய்தித்தாள்களைப் படிக்கும்போது அவை ஆட்சியாளரின் பிரசாரக் கருவிகள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். நடந்ததை அவற்றில் தேடுவதைவிட, மக்களிடம் என்ன சொல்லப்பட்டது என்பதைத் தேடுவது பயன் தரும்: ரயில்பாதை வேலைக்கு ஆள் எடுத்தபோது குறுகிய கால ஒப்பந்தம், நாட்கூலி, உணவு, மருத்துவம் என்றெல்லாம் உறுதி கூறப்பட்டது. அந்த உறுதிமொழியை அருகில் வைத்து எழுதினால், போனவர் ஏன் போனார் என்பது வாசகருக்கு விளங்கும்.

அப்பர் புக்கிட் தீமா சாலையிலுள்ள பழைய ஃபோர்ட் தொழிற்சாலைக்கு ஒருமுறை போய் வாருங்கள். பிரிட்டிஷார் சரணடைந்து கையெழுத்திட்ட கட்டடம் அதுதான், இப்போது ஆக்கிரமிப்புக் காலக் காட்சிக்கூடம். கிராஞ்சி போர்க் கல்லறையில் இந்தியப் படைவீரர்களின் பெயர்கள் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. குடும்பத்தில் யாரேனும் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்ததாகச் சொன்னால், சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலை 2 அன்று சிங்கப்பூர் வந்ததையும், அக்டோபர் 21 அன்று கேத்தே கட்டடத்தில் தற்காலிக அரசை அறிவித்ததையும் காலக்கோட்டில் சேருங்கள். அந்த ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் பலர் சேர்ந்திருந்தார்கள். ‘அத்தை கொஞ்ச நாள் வீட்டில் இல்லை’ என்று மழுப்பப்படும் இடங்களில் இப்படியொன்று மறைந்திருக்கக்கூடும்.

ஆவணம் இல்லாமையும் ஒரு செய்திதான். ரயில்பாதையில் வேலை வாங்கப்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேல். அவர்களில் ஏறத்தாழ 12,000 பேர் இறந்தார்கள். அவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் உண்டு. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் மட்டும் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாகப் பராமரிக்கப்படுகின்றன. ஆசியத் தொழிலாளிகளோ அவர்களைவிடப் பன்மடங்கு. அவர்களில் மலாயாத் தமிழர்கள் பெருந்தொகையினர். அவர்களுக்கு அப்படிப்பட்ட முழுப் பட்டியலோ தனித்தனிக் கல்லறையோ இல்லை. இறந்தோர் தொகை நூலுக்கு நூல் பல்லாயிரம் வேறுபடுகிறது. ஒரு தொகையைத் தேர்ந்து உறுதியாக எழுதிவிட வேண்டாம். யார் எவ்வளவு என்கிறார் என்பதைச் சொல்லி, ஏன் கணக்கில்லை என்பதை ஒரு பத்தியில் விளக்குங்கள். அந்த விளக்கம் எந்தத் தொகையையும்விடக் கனமானது.

ஐந்தாம் படி: உண்மைக் கதையா, நாவலா

கையில் சேர்ந்ததை மூன்று கட்டாகப் பிரியுங்கள்: ஆவணத்தாலோ இருவர் சொல்லாலோ உறுதியானவை, ஒருவர் மட்டும் சொன்னவை, யாரும் சொல்லாதவை. மூன்றாம் கட்டு சிறிதானால் உண்மைக் கதை எழுதலாம். அது பெரிதாகி, அதில்தான் கதையின் உயிர் இருக்கிறதென்றால், நாவலே நேர்மையான வடிவம்.

உண்மைக் கதையில் வாசகரோடு உங்களுக்கு ஓர் உடன்பாடு இருக்கிறது. தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதக்கூடாது. அதற்காக இடைவெளியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ‘1943 மழைக்காலத்துக்கும் 1946க்கும் இடையில் தாத்தாவைப் பற்றி வீட்டுக்கு ஒரு செய்தியும் வரவில்லை’ என்று ஒரே வாக்கியம் எழுதிவிட்டு, அந்த மூன்று ஆண்டுகளில் வீட்டில் என்ன நடந்தது என்று போய்விடலாம். ஊகிக்க வேண்டிய இடத்தில் ஊகம் என்று தெரியும்படி எழுதுங்கள். 1943 மழைக்காலத்தில் பாதையோர முகாம்களில் காலரா பரவியது உறுதியான செய்தி. தாத்தா காலராவில் இறந்தார் என்பது ஊகம். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்தால், இரண்டுமே கெடும்.

நாவலில் உடன்பாடு வேறு. பெயரும் உரையாடலும் மனவோட்டமும் உங்களுடையவை. ஆனால் காலமும் இடமும் விலைவாசியும் மழையும் உண்மையாக இருக்க வேண்டும். எழுதத் தொடங்குமுன் இந்த மண்ணைப் பற்றித் தமிழில் முன்பே எழுதப்பட்டவற்றைப் படித்துவிடுங்கள். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் சயாம் மரண ரயில், இளமையில் மேடானிலும் பினாங்கிலும் வாழ்ந்த ப. சிங்காரம் 1972இல் வெளியிட்ட புயலிலே ஒரு தோணி ஆகிய இரண்டும் கட்டாயம். அவற்றின் நடையைப் பின்பற்றுவதற்காகச் சொல்லவில்லை. அவர்கள் சொல்லி முடித்த காட்சிகளை மறுபடி எழுதாமல் இருப்பதற்காகச் சொல்கிறேன். முகாமையும் காட்டையும் பாலத்தையும் அவர்களும் பிறரும் எழுதியிருக்கிறார்கள். தோட்டத்தில் எஞ்சிய பெண்களும் பிள்ளைகளும் இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை என்பது என் எண்ணம். உங்கள் நூலுக்கு இடம் அங்கே இருக்கிறது.

இரண்டையும் கலந்து, ‘உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்ட கதை’ என்று அட்டையில் போட்டுத் தப்பிக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. எது உண்மை, எது புனைவு என்பதை முன்னுரையில் அரைப்பக்கத்தில் சொல்லிவிட்டால் போயிற்று.

ஆறாம் படி: யார் கண்ணால், எங்கிருந்து

எல்லாம் அறிந்த குரலில் எழுதினால் நூல் பாடப்புத்தகமாகிவிடும். வீட்டில் ஒருவரின் கண்ணைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கண்ணுக்குத் தெரியாததை எழுத வேண்டாம். ஏழு வயதுச் சிறுமி லாரியைப் பார்த்தாள். அது எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியாது. வாசகருக்குத் தெரியும். அந்த வேறுபாடே அச்சத்தைத் தரும். நீங்கள் ‘ஐயோ’ என்று சேர்க்க வேண்டியதில்லை.

தொடக்கம் ஒரு வேலைநாளாக இருப்பது நல்லது. பால்மரம் வெட்டப் போகும் விடியலோ, தேக்காவில் மாடு கறக்கும் நேரமோ, கடற்படைத் தளக் குடியிருப்பில் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகளோ, எதுவானாலும் அந்தக் குடும்பம் எதை இழக்கப்போகிறது என்பதை வாசகர் முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். குடும்பத்தின் ஒழுங்கு தெரியாதவருக்கு அது குலைந்ததும் தெரியாது. நூலின் பக்கங்களை முன்கூட்டியே பங்கிட்டுக்கொள்வது உதவும்: முன்பிருந்த வாழ்வுக்கு ஐந்தில் ஒரு பங்கு, நிகழ்வுக்கு அதற்கும் குறைவு, மீதியெல்லாம் பிறகு வந்த ஆண்டுகளுக்கு.

ஏழாம் படி: வன்முறையை எழுதுதல்

பெரும்பாலான கையெழுத்துப் படிகள் சறுக்கும் இடம் இது. தமிழில் துயரத்துக்கென்று தயாராக ஒரு சொல்வரிசை இருக்கிறது. மேடைப்பேச்சில் பழகி, எழுத வந்ததும் தாமாக வந்து நிற்கும். ‘கொடுங்கோலர்களின் இரும்புப் பிடியில் சிக்கிய அப்பாவி உயிர்கள் இரத்தக் கண்ணீர் வடித்தன’ என்ற வாக்கியத்தில் ஆள் இல்லை, இடம் இல்லை, நாள் இல்லை; எந்த நாட்டின் எந்தக் கொடுமைக்கும் அதை ஒட்டிவிடலாம். அதற்குப் பதில், மாதிரிக்காக, இப்படி எழுதிப் பார்க்கலாம்:

‘லாரி புறப்பட்டபோது அப்பாவின் தூக்குச்சட்டி என் கையில் இருந்தது. அவருக்குக் கொண்டுபோன கிழங்கு அதில் அப்படியே இருந்தது. அம்மா அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சாயங்காலம் எங்கள் மூவருக்கும் பங்கிட்டு வைத்தாள். அவள் சாப்பிட்டாளா என்று நான் பார்க்கவில்லை.’

இதில் ‘சோறு’ என்று எழுதத்தான் கை முதலில் போகும். அரிசி அரிதாகி மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் அன்றாட உணவான காலம் அது என்று நான்காம் படியில் கேட்டறிந்திருப்பதால் ‘கிழங்கு’ வருகிறது. திரட்டிய செய்தி நூலுக்குள் இறங்க வேண்டியது இந்த அளவில்தான். உணவுத் தட்டுப்பாடு பற்றித் தனிப் பத்தி தேவையில்லை.

அடி, கொலை, பாலியல் வன்முறை ஆகியவற்றை எழுதும்போது ஒரே அளவுகோல் போதும்: பாதிக்கப்பட்டவர் உயிரோடிருந்து இந்தப் பக்கத்தைப் படித்தால், தம்மை மறுபடி அவமதித்ததாக நினைப்பாரா? பெண்களுக்கு நேர்ந்ததைக் குடும்பங்கள் ஜாடையாகவே சொல்லும். அந்த ஜாடையை ஜாடையாகவே விட்டாலும் வாசகருக்குப் புரியும். செய்தவரை எழுதும்போது இனப்பெயரால் மொத்தமாக வீசிவிடாதீர்கள். ரயில்பாதைக் காவலர்களில் கொரியர்களும் இருந்தார்கள். ஆள் சேர்த்துக் கொடுத்தவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். சிங்கப்பூரின் 1964 இனக்கலவரம் போன்ற உள்ளூர் நிகழ்வுகளை எழுதுகிறவர்களுக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும்: யார் கதவை அடைத்தார், யார் கதவைத் திறந்தார் என்று ஆள் ஆளாக எழுதுங்கள்.

எட்டாம் படி: மொழி

கதைசொல்லியின் உரை எழுத்துத் தமிழில் இருக்கலாம். பேச்சு அவரவர் பேச்சாக இருக்க வேண்டும். கங்காணி (தொழிலாளிகளின் மேற்பார்வையாளர்), கிராணி (தோட்ட எழுத்தர்), தீம்பார் (ரப்பர்த் தோட்டம்), பெரட்டு, லயம் ஆகியவை தோட்டத்து வாழ்வோடு பிறந்தவை. அவற்றை அகராதித் தமிழாக மாற்றினால் இடமே அழிந்துவிடும். முதல்முறை வரும்போது வாக்கியத்திலேயே பொருள் விளங்கும்படி அமையுங்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பாட்டியைத் தஞ்சாவூர்க்காரர்போலப் பேசவைக்காதீர்கள். அந்தப் பேச்சு உங்களுக்குப் பழக்கமில்லையென்றால், அந்தக் குடும்பத்தார் ஒருவரிடம் உரையாடல்களை மட்டும் வாசித்துக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: குடும்பத்தின் ஒப்புதல்

கையெழுத்துப் படி முடிந்ததும், அதில் வரும் உயிரோடிருப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் அவரவர் பகுதியைப் படித்துக் காட்டுங்கள். அனுப்பிவைப்பதைவிட நேரில் உட்கார்ந்து படிப்பது மேல். முகம் மாறும் இடம் தெரியும். பெயர், தேதி, உறவுமுறைப் பிழைகளை உடனே திருத்துங்கள். ‘இதை எடுத்துடு’ என்ற வேண்டுகோள்தான் சிக்கலானது.

நாஜிகளுக்கு அஞ்சி ஒளிந்திருந்த வீட்டில் எழுதிய நாட்குறிப்பால் உலகம் அறிந்த ஆன் ஃபிராங்கின் தந்தை, 1947இல் அதை முதன்முதல் வெளியிட்டபோது, மகள் தாயைப் பற்றிக் கடுமையாக எழுதியவற்றில் சிலவற்றை நீக்கினார். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவை வெளிவந்தன. இறந்த மனைவியின் மானத்தைக் காக்க ஒரு கணவர் செய்ததை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர் மூலப் படியை அழிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நீங்களும் அப்படியே செய்யலாம்: அச்சில் வேண்டாம் என்பதை எடுத்துவிடுங்கள், பதிவையும் முழுப் படியையும் வைத்துக்கொள்ளுங்கள், எப்போது வெளியிடலாம் என்று சொன்னவரிடமே கேட்டு எழுதிவையுங்கள்.

காட்டிக்கொடுத்தவர், கடன் வாங்கித் திருப்பாதவர், பிள்ளையை விட்டுப் போனவர் ஆகியோரின் பெயரை மாற்றுங்கள். ஊரையும் தொழிலையும்கூட மாற்ற வேண்டியிருக்கலாம். பட்டியலில் ஆள் பெயர் எழுதிக் கொடுத்த கங்காணியின் பேரன் இன்று உங்கள் புளோக்கிலேயே குடியிருக்கக்கூடும். அவர் செய்யாத ஒன்றுக்கு அவரை மின்தூக்கியில் தலைகுனிய வைக்க நூல் எழுத வேண்டியதில்லை. அதேசமயம், அந்தக் கங்காணியும் தம் மகனைக் காப்பாற்றத்தான் பிறர் பெயரை எழுதினார் என்று தெரியவந்தால், அதை விடாமல் எழுதுங்கள்.

பத்தாம் படி: அச்சும் ஒப்படைப்பும்

குடும்பத்துக்கு வெளியே இருவரிடம் படிக்கக் கொடுங்கள்: ஒருவர் தமிழ் தெரிந்தவர், மற்றவர் வரலாறு தெரிந்தவர். சிங்கப்பூரில் வெளியிடும் நூலுக்கான சர்வதேச நூல் எண்ணைத் தேசிய நூலக வாரியத்திடம் பெறலாம். வெளியான நான்கு வாரத்துக்குள் இரண்டு பிரதிகளை வாரியத்தில் ஒப்படைப்பது சட்டப்படியான கடமை. ஐம்பது பிரதி மட்டும் அச்சிட்டாலும் அந்த இரண்டை ஒதுக்கிவிடுங்கள். சிறுகதையாகச் சுருக்க முடிந்த பகுதி இருந்தால் தேசியக் கலை மன்றத்தின் தங்கமுனை விருதுப் போட்டிக்குத் தமிழ்ப் பிரிவும் உண்டு.

ஒலிப்பதிவுகளை ஒரே தொலைபேசியில் விட்டுவைக்காமல் இரண்டு இடங்களில் சேமித்து, ஒவ்வொரு கோப்புக்கும் பேசியவர் பெயர், நாள், இடம் என்று பெயரிடுங்கள். நூல் வெளியான சில வாரங்களில், ஈப்போவிலிருந்தோ சென்னையிலிருந்தோ யாரோ ஓர் உறவினர் அழைத்து, ‘அது அப்படி இல்லப்பா, அன்னிக்கு நானும் அங்கதான் இருந்தேன்’ என்பார். அவருக்காகத் தனி உறை ஒன்றைத் திறந்து, அவர் சொல்வதையும் பதிவு செய்து, காலக்கோட்டில் எந்த இடத்தில் முரண்படுகிறது என்று குறித்துவையுங்கள். இரண்டாம் பதிப்புக்கு வேலை அங்கிருந்து தொடங்கும்.